வெள்ளை அணு கூடினால் எதிர்ப்புசக்தி கூடியதாகுமா?

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த எட்டுப் பக்கம், கூடவே ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளின் நகல்கள். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவர் சங்கு குளிக்கிறவர். இவர் கடல்பாசி எடுக்கப் போகிறவர். மகனுக்கு 17 வயது, எடை 44 கிலோ. சின்ன வயதில் கைகால் வீங்கி அழுதபோதெல்லாம் வாதக் காய்ச்சல் என்று ஊசி போட்டிருக்கிறார்கள். 11 வயதில்தான் அரிவாள் செல் நோய் என்று தெரிந்தது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை ஆரம்பித்தபின், வருடத்துக்கு ஐந்தாறு முறை வந்துகொண்டிருந்த வலி ஒரு முறையாகக் குறைந்தது. நான்கு மாதத்துக்கு முன்பு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தத் தாயின் தம்பி விடுப்பில் வந்தவர் மாத்திரையோடு இருந்த தாளைப் படித்துவிட்டு, "இது புற்றுநோய்க்குக் கொடுக்கிறதுக்கா. வெள்ளை அணுவைக் கொன்னுரும். பிள்ளைக்கு எதிர்ப்புசக்தியே இருக்காது" என்றிருக்கிறார். பையனின் நகங்களில் கறுப்புக் கோடுகள் விழுந்திருந்ததும் சேர்ந்துகொள்ள, பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பதிலுக்கு நிலவேம்பு, ஒரு சத்துப்பொடி, இரும்புச்சத்து டானிக்.

மாத்திரை சாப்பிட்டபோது 6,800 ஆக இருந்த வெள்ளை அணு, நிறுத்தியபின் 15,900 ஆனது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த ஆறு வாரத்தில் இரண்டு முறை கடுமையான வலி. இரண்டாவது, வாடைக்காற்று அடித்த நாளில் அப்பாவோடு கடலுக்குப் போய் ஈரத்துணியோடு திரும்பிய ராத்திரி. டவுன் கிளினிக் ஒன்றில் ஊசி போட்டதும் அடங்கிய வலி, மூன்றாம் நாள் இரண்டு மடங்காகத் திரும்பியிருக்கிறது. அன்றைய வெள்ளை அணு 24,200.

"எதிர்ப்புசக்தி இவ்வளவு ஏறியும் ஏன் வலி வருது டாக்டர்? மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாமா? அவன் அப்பாவோட குளிக்கப் போகலாமா? இது என் அம்மா வழியா வந்த நோய்னு வீட்டுக்காரர் ஆட்கள் சொல்லிக் காட்டுறாங்க, அது நிஜமா? மகளை அவள் அத்தை மகனுக்குப் பேசியிருக்கோம், அதில் ஏதும் வருமா?" இவைதான் கேள்விகள். ஒட்டாமல் தடுக்கும் புது ஊசி ஒன்றைப் பற்றியும் தம்பி கேட்கச் சொன்னாராம்.

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த 15,900-ஐப் பேசிவிடுவோம். நீங்கள் சந்தோஷப்பட்ட அந்த எண்ணைப் பார்த்து எனக்குக் கவலைதான் வந்தது. சாதாரணமாக ஒருவருக்கு வெள்ளை அணு 4,000 முதல் 11,000 வரை இருக்கும். உடம்பில் கிருமித் தொற்று எதுவும் இல்லாத நாளில்கூட அரிவாள் செல் நோயாளிக்கு இது கூடுதலாக இருப்பது, உள்ளே ஓயாமல் ஒரு எரிச்சல் நடந்துகொண்டிருப்பதன் அடையாளம். 1994-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நோய் அமைதியாக இருக்கும் நாட்களிலேயே 15,000-க்கு மேல் வெள்ளை அணு உள்ள பெரியவர்களுக்கு ஆயுள் குறையும் அபாயம் கூடுதல் என்று தெரிய வந்தது. எண்ணிக்கை வேறு, எதிர்ப்புசக்தி வேறு. வாசலில் பத்துப் பேர் சண்டை போட்டுக்கொண்டு நின்றால் அதை வீட்டுக்குக் காவல் என்று சொல்வோமா?

வெள்ளை அணுவுக்கும் வலிக்கும் என்ன சம்பந்தம்?

இந்த நோயைப் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் சிவப்பு அணுவோடு நிறுத்திக்கொள்வோம். ஹீமோகுளோபினுக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், ஆக்சிஜன் குறைந்ததும் அந்த ஹீமோகுளோபின் நூல்நூலாகக் கோத்துக்கொண்டு அணுவை அரிவாள் மாதிரி வளைத்துவிடுகிறது, வளைந்த அணு குழாயை அடைக்கிறது என்று. இது உண்மைதான், ஆனால் கதையில் பாதி. ஆக்சிஜன் குறைந்த உடனே அணு வளைந்துவிடுவதில்லை, கொஞ்ச நேரம் பிடிக்கும். தடங்கல் இல்லாமல் ஓடினால், வளைவதற்கு முன்பே பெரும்பாலான அணுக்கள் மயிரிழைக் குழாயைத் தாண்டி நுரையீரலுக்குத் திரும்பிவிடும். அப்படித் தாண்டவிடாமல் வழியில் பிடித்து நிறுத்துவது யார் என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

உங்கள் வீட்டுக்காரர் நங்கூரம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். போட்ட உடனே அது நிற்காது. மணலில் இழுபட்டு இழுபட்டுப் போய், கடைசியில் கடலடிப் பாறையில் எங்காவது கொக்கி மாட்டியதும் படகு சட்டென்று நிற்கும். நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு ரத்தக் குழாயில் செய்வது இதையேதான். அரிவாள் அணுக்கள் சீக்கிரம் உடைகிறவை. நமக்கு 120 நாள் வாழும் சிவப்பு அணு, இவர்களுக்கு 10 முதல் 20 நாள்தான் தாங்கும். உடைந்து கொட்டும் ஹீமோகுளோபினும் அதன் இரும்புத் துண்டும் குழாயின் உள்சுவரைச் சீண்டுகின்றன. சீண்டப்பட்ட சுவர் பி-செலக்டின், இ-செலக்டின் என்ற பிசின் மாதிரியான புரதங்களை வெளியே நீட்டுகிறது. ஓடிவரும் நியூட்ரோபில் அதில் உரசி வேகம் குறைந்து உருள்கிறது, பிறகு ஒட்டி நின்றுவிடுகிறது. பெரும்பாலும் இது நடப்பது மயிரிழைக் குழாய்களைத் தாண்டியவுடன் வரும் சின்னஞ்சிறு சிரைகளில்.

ஒட்டிய நியூட்ரோபில் சும்மா இருப்பதில்லை. அதன் மேற்பரப்பில் மேக்-1 என்றொரு புரதம் இருக்கிறது. அதை வைத்துப் பக்கத்தில் ஓடும் சிவப்பு அணுக்களைப் பிடித்துவைக்கிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து அவசரமாக வெளியே தள்ளப்பட்ட இளம் சிவப்பு அணுக்களுக்கு இயல்பாகவே ஒட்டும் குணம் அதிகம். அவை சுவரிலும் ஒட்டும், வெள்ளை அணுவிலும் ஒட்டும். தட்டணுக்களும் வந்து சேர்ந்துகொள்ளும். பாதை குறுகி ஓட்டம் மெதுவாகி, அணு வளைவதற்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடுகிறது. அப்புறம் அடைப்பு, வலி. எலிகளின் உயிருள்ள ரத்தக் குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்து 2002-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்த இரண்டு செலக்டின்களும் இல்லாதபடி செய்த எலிகளுக்கு அடைப்பு வராமல் போனது. சிவப்பு அணு அப்போதும் அதே அரிவாள் அணுதான். மாறியது, வெள்ளை அணு ஒட்டிய இடம்.

எல்லா வெள்ளை அணுவும் வில்லன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மோனோசைட் என்ற இனத்தில் ஒரு பகுதி, சுவரைச் சீண்டும் ரசாயனங்களைச் சுரந்து தொல்லை கொடுக்கிறது. அதே இனத்தில் இன்னொரு பகுதி குழாயின் உள்சுவரில் ரோந்து போய், ஒட்டிக் கிடக்கும் சிவப்பு அணுக்களை விழுங்கிச் சுத்தம் செய்கிறது. எனக்கு இந்த நோயில் மிகவும் பிடித்த சங்கதி இது. ஒரே தெருவில் குப்பை போடுகிறவரும் கூட்டுகிறவரும் ஒரே குடும்பம்.

வெள்ளை அணுவை வளர்க்கவென்றே சில ஊசிகள் உண்டு. புற்றுநோய் சிகிச்சையில் அணு குறைந்தவர்களுக்குப் போடுவார்கள். அதை அரிவாள் செல் நோயாளிகளுக்குப் போட்டபோது உயிரைப் பறிக்கும் அளவுக்கு வலி நெருக்கடி வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. 'எதிர்ப்புசக்தியை ஏற்றுகிறேன்' என்று யார் எதை நீட்டினாலும், "பிள்ளைக்கு சிக்கிள் செல் இருக்கு" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை

உங்கள் தம்பி அக்கறையில் சொன்னதில் பாதி சரி. ஹைட்ராக்ஸியூரியா சில ரத்தப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கப்படுகிறது, வெள்ளை அணுவைக் குறைக்கவும் செய்கிறது. அப்படிக் குறைப்பதுதான் இங்கே நமக்கு வேண்டிய வேலைகளில் ஒன்று என்பது அந்தத் தாளில் இருக்காது. இன்னொரு வேலை, பிறந்த சில மாதங்களில் மறைந்துபோகும் கருவளர் ஹீமோகுளோபினை மறுபடி கூட்டுவது. அது இருக்கும் அணு எளிதில் வளையாது. 1995-இல் 299 பெரியவர்களிடம் செய்த ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு வருடத்துக்கு 4.5 ஆக இருந்த வலி நெருக்கடியின் இடைநிலை எண்ணிக்கை, இந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு 2.5 ஆக இருந்தது. நியூட்ரோபில் குறைந்தவர்களுக்கு வலியும் குறைந்ததை அந்த ஆய்வுக் குழுவே எடுத்துக் காட்டியது.

மாத்திரை சாப்பிட்டால் தொற்று வந்துவிடுமே என்ற பயத்துக்கு நேரடியான பதில் ஒன்று உண்டு. அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் 606 குழந்தைகளுக்கு இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த முடிவு 2019-இல் வெளிவந்தது. மலேரியாவும் மற்றத் தொற்றுகளும் மலிந்த இடங்கள் அவை. அங்கே வலி மட்டுமா குறைந்தது? தொற்றுகள், மலேரியா, ரத்தம் ஏற்றும் தேவை, மரணம் எல்லாமே குறைந்தன. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். தாளில் இருந்ததை ஒழுங்காகப் படித்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆகவே திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் வீட்டில் மிச்சமிருக்கும் அட்டையிலிருந்து எடுத்து நாளைக்கே கொடுத்துவிடாதீர்கள். ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்த்து, இப்போதைய எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் எழுதித் தரட்டும். ஆரம்பத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அளவு நிலைத்தபின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அணுக்களை எண்ண வேண்டும். நியூட்ரோபில் 2,000-க்குக் கீழே போனாலோ தட்டணு 80,000-க்குக் கீழே போனாலோ மருத்துவர் நிறுத்திவைத்து, அளவைத் திருத்தித் திரும்பத் தொடங்குவார். அணு குறைகிறதே என்ற உங்கள் பயத்துக்கு மருந்து இந்தப் பரிசோதனைதான். முழுப் பலன் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகலாம். நடுவில் ஒரு வலி வந்தால் மாத்திரை தோற்றுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

நகத்தில் விழுந்த கறுப்புக் கோடு மாத்திரையால்தான். நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்கு இது அடிக்கடி வரும், நிறமே தவிர வேறு கெடுதல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டிய வேறு இரண்டு விஷயம் உண்டு. இந்த மருந்து விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும். 17 வயதுப் பையனிடம் மருத்துவர் தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய சங்கதி இது, நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே இருந்தால் நல்லது. அப்புறம், கர்ப்பமாக இருக்கும் பெண்கள் இந்த மாத்திரையைக் கையால் தொடக்கூடாது.

நிலவேம்போடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் அது மாத்திரையின் இடத்தைப் பிடிக்க முடியாது. என்ன கலந்தது என்று எழுதாத சத்துப்பொடியை நிறுத்திவிடுங்கள். இரும்பு டானிக்கையும்தான். இவனுக்கு ரத்தம் குறைவது அணு உடைவதால், இரும்பு இல்லாததால் அல்ல. பரிசோதித்து இரும்பு குறைவு என்று தெரிந்தால் மட்டுமே அது தேவை.

அந்த கிளினிக் ஊசி

நீங்கள் அனுப்பிய சீட்டில் வலி மருந்தோடு டெக்சாமெத்தசோன் எழுதியிருக்கிறது. அது ஸ்டீராய்டு. அரிவாள் செல் வலியில் ஸ்டீராய்டு முதலில் அமைதியைக் கொடுத்து, நிறுத்தியதும் வலியைத் திருப்பிக் கூட்டிவரும் என்பதை 1990-களிலேயே பார்த்துவிட்டார்கள். உங்கள் மகனுக்கு மூன்றாம் நாள் நடந்தது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்னொன்று: குழாய்ச் சுவரோரம் நிற்கும் நியூட்ரோபில்களை ஸ்டீராய்டு ஓட்டத்தில் இறக்கிவிடும், ரத்தத்தில் எண்ணிக்கை கூடித் தெரியும். அந்த 24,200-இல் ஒரு பங்கு ஊசியின் கைவேலை. கிளினிக்காரர் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. நம் கடலோரத்தில் இந்த நோயை அவர் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். அதனால்தான் ஒரு அட்டையில் நோயின் பெயர், சாப்பிடும் மாத்திரை, 'ஸ்டீராய்டு வேண்டாம்' என்ற வரி மூன்றையும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையன் சட்டைப்பையில் எப்போதும் வைக்கச் சொல்கிறேன்.

கடலுக்குப் போகலாமா?

சங்கு குளிக்க வேண்டாம். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. மூச்சடக்கி இறங்கும்போது ஆக்சிஜன் குறைகிறது, தசை முழு வேகத்தில் உழைக்கிறது, தண்ணீரின் குளிரில் தோலடிக் குழாய்கள் சுருங்குகின்றன, மேலே வந்தால் வெயிலில் நா வறள்கிறது. அணு வளைவதற்கும் ஒட்டுவதற்கும் என்னென்ன வேண்டுமோ எல்லாம் ஒரே முக்கில் கிடைத்துவிடும். ராத்திரி தங்கி மீன் பிடிக்கும் படகிலும் போக வேண்டாம். நடுக்கடலில் நெஞ்சுவலியும் மூச்சுத் திணறலும் வந்தால் கரைசேரவே பல மணி நேரம் ஆகும். அது இந்த நோயில் உயிருக்கு உலை வைக்கிற சிக்கல்.

அதற்காகக் கடலே கூடாது என்று வீட்டுக்குள் பூட்டிவைக்கவும் வேண்டாம். கரையில் வலை சீர் செய்வது, ஏலக் கணக்கு எழுதுவது, இன்ஜின் வேலை கற்பது எல்லாம் முடியும். தினம் மூன்று லிட்டர் தண்ணீர், நனைந்தால் உடனே உலர்ந்த துணி, வாடை அடிக்கும் மாதங்களில் காதையும் மார்பையும் மூடுவது. இவ்வளவு போதும். படிப்பிலோ வேலையிலோ சலுகை கேட்க வேண்டியிருந்தால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அரிவாள் செல் நோயும் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். சான்றிதழுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

யார் வழியாக வந்தது?

உங்கள் அம்மா கூடலூர் பக்கத்து மலைப் பழங்குடி, தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன அப்பா அங்கே கல்யாணம் செய்து ஊருக்கு அழைத்து வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் கூறு இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. கூறு என்றால், நோய்க்கான மரபணு ஒரு பாதி மட்டும் இருப்பது, அப்படிப்பட்டவர் நோயாளி அல்ல. எனவே அந்தக் கூறு உங்களுக்கு அம்மா வழியில் வந்திருக்கலாம். ஆனால் உங்கள் கணவர் சீட்டை யாரும் உங்களுக்கு விளக்கவில்லை போலிருக்கிறது. அதில் ஹீமோகுளோபின் ஏ2 5.4 சதவீதம். 3.5-க்கு மேல் போனால் அது பீட்டா தலசீமியா கூறு, அதாவது ஹீமோகுளோபின் உற்பத்தி குறையும் இன்னொரு பரம்பரை ரத்த நோயின் கூறு. மகனின் சீட்டில் 'எஸ் பீட்டா தலசீமியா' என்று எழுதியிருப்பதன் அர்த்தம் இதுதான்: 'எஸ்' என்ற அரிவாள் செல் பாதி உங்களிடமிருந்து, மறு பாதி அவன் அப்பாவிடமிருந்து. அப்பா கொடுத்த பாதி இல்லாமல் இந்த நோய் இல்லை. இரண்டு கூறும் மலேரியாவைத் தாங்குவதற்குத் துணையாக நின்று தலைமுறை தலைமுறையாகத் தங்கியவை. மலைக்காட்டிலும் மலேரியா ஆண்டது, ராமேஸ்வரம் தீவிலும் ஆண்டது. சொல்லிக் காட்டுகிறவர்களிடம் நான் எழுதிய இந்தப் பத்தியை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

இதனால்தான் மகளின் விஷயம் அவசரம். அவளுக்கு நோய் இல்லை என்று தெரிகிறது, ஆனால் உங்கள் கூறோ அப்பாவின் கூறோ இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். மாப்பிள்ளை அவள் அப்பாவின் சொந்த அக்காள் மகன். அந்தக் குடும்பத்திலும் தலசீமியா கூறு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இருவருக்கும் கூறு இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு, நோயுள்ள குழந்தை பிறக்கலாம். நிச்சயத்துக்கு முன்பே இருவருக்கும் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரு குப்பி ரத்தம் போதும். முடிவு எப்படி வந்தாலும் கல்யாணத்தை நிறுத்தியே ஆக வேண்டும் என்பதில்லை. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களிலேயே பரிசோதித்து அறியும் வசதி இருக்கிறது. தெரிந்து முடிவு செய்வது அவர்கள் உரிமை.

அதே சாக்கில் மகளுக்கும் மகனுக்கும் எச்.எல்.ஏ. பொருத்தமும், அதாவது ஒருவர் மஜ்ஜை மற்றவர் உடம்புக்கு ஒத்துப்போகுமா என்றும், பார்க்கச் சொல்வேன். உடன்பிறந்தவர்களுக்குள் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பொருந்தினால் எலும்பு மஜ்ஜை மாற்று பற்றி வேலூர் சி.எம்.சி. போன்ற இடத்தில் பேசலாம். கூறு மட்டும் உள்ள அக்காவும் தம்பிக்கு மஜ்ஜை கொடுக்க முடியும்.

உங்கள் தம்பி கேட்கச் சொன்ன "ஒட்டாமல் தடுக்கும் புது ஊசி" கிரிசான்லிசுமாப். மேலே சொன்ன பி-செலக்டினை மூடுவதுதான் அதன் வேலை. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்து நடந்த பெரிய ஆய்வில் எதிர்பார்த்த பலன் தெரியாததால் 2023-இல் ஐரோப்பா அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒட்டுவதற்கு உடம்பு பல பிசின்கள் வைத்திருக்கிறது, ஒன்றை மூடினால் இன்னொன்று வேலை செய்யும் என்பது என் ஊகம். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மதுரைக்கோ போய் ரத்த நோய்ப் பிரிவில் காட்டுங்கள். பழைய சீட்டுகள் எல்லாம், அந்த கிளினிக் சீட்டும் சேர்த்து, கையில் இருக்கட்டும். நிமோனியா முதலிய தொற்றுகளைத் தரும் கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். இந்த நோயில் மண்ணீரல் சரியாக வேலை செய்யாது, உண்மையில் எதிர்ப்புசக்தி ஓட்டையாகும் இடம் அதுதான். நடுவில் காய்ச்சல் 101.3 டிகிரியைத் தொட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, கண் திடீரென அதிகமாக மஞ்சளித்தாலோ, ஒரு பக்கக் கைகால் மரத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.